வீதியில் உப்பு விழ முன்னர்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களே,

வணக்கம். இந்த வருடம், பனிக்கால வீதி உப்பில் இருந்து வண்டியின் அடிப்பாகத்தைக் காக்கக் கறள் தடுப்பு ஒயில் அடிக்கக் கேட்டு வருபவர்களிடம், "வண்டியை முதல் நாள் பின்னேரமே விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த நாள் மத்தியானம் எடுக்கலாம்" என்று சொல்லி வருகிறோம். போன வருடம் வரைக்கும் ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தந்த வேலைக்கு இப்போது ஏன் ஒரு இரவு என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஃபோனில் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதை விட, ஆறுதலாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

சென்ற ஏப்ரலில் ஓர் அம்மா தன் வண்டியைக் கொண்டுவந்தார். பிறேக் மிதித்தால் கால் கொஞ்சம் கூடவே கீழே போகிறது என்றார். மேலே தூக்கிப் பார்த்தோம். பின் அச்சுக்கு மேலே, பிறேக் திரவம் ஓடும் மெல்லிய குழாய் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டியிருக்கும் இடத்தில் ஒரு பிடி சேறு இறுகிக் கிடந்தது. அதன்மேல் ஒயில் பளபளத்தது. சேற்றைச் சுரண்டினால் உள்ளே இன்னும் ஈரம். கிளிப்பைக் கழற்றியதும் குழாயின் மேற்பரப்பு செதில் செதிலாகக் கையோடு வந்தது. அந்த ஒயிலை அடித்தவர்கள் நாங்கள்தான். நவம்பர் கடைசியில், மழை நாளில், வாசலில் ஆறு வண்டி வரிசையில் நின்றபோது, காற்றை ஊதி மேலோட்டமாகத் துப்புரவாக்கிவிட்டு அடித்திருந்தோம்.

அந்தக் கறள் ஒரே பனிக்காலத்தில் வந்ததல்ல. பல வருடமாக அந்தச் சேற்றுக்குள் இருந்து தின்றிருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சேற்றைக் கழுவியிருந்தால் நவம்பரிலேயே அது எங்கள் கண்ணில் பட்டிருக்கும். அவர் ஒரு முழுக் குளிர்காலம் அந்தக் குழாயை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். குழாய்களைக் கறள் பிடிக்காத நிக்கல் கலந்த செப்புக் குழாய்களாக மாற்றிக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை. இனிமேல் கழுவாத, காயாத வண்டிக்கு ஒயில் அடிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். இரவு தங்க வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே கனடாவில் நடப்பதை ஊருடன் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் அறுபது எழுபது வருடத்து மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம் இன்னமும் ஓடுகிறதே, இங்கே பத்து வருடத்து வண்டி ஏன் ஓட்டையாகிறது என்று வயதான ஐயாமார் கேட்பார்கள். அந்தக் காலத்துத் தகடு தடிப்பு, அது ஒன்று. பெரிய காரணம் உப்பு. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கடற்காற்று படும் யன்னல் கம்பி எப்படி ஊதி வெடிக்கும் என்று பார்த்திருப்பீர்கள். இங்கே நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை வண்டியின் அடிப்பாகம் அந்தக் கடற்காற்றை விட மோசமான ஒன்றில் குளிக்கிறது.

கனடா முழுவதும் வீதிகளில் வருடத்துக்குச் சுமார் 50 லட்சம் தொன் உப்பு கொட்டப்படுகிறது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வேண்டிய உப்பில் பெரும் பங்கு ஹியூரன் ஏரிக் கரையில் உள்ள கொட்றிச் சுரங்கத்தில் இருந்து வருகிறது. ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில் வெட்டி எடுக்கிறார்கள். உலகத்திலேயே பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் அது. வீதியில் சறுக்கி உயிர் போகாமல் இருக்க அந்த உப்பு வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. பனி கொட்ட முதல் நாள் 401 நெடுஞ்சாலையில் போனால் வெள்ளைக் கோடுகள் நேர் நேராகக் கீறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது உப்புத் தண்ணீர், கிட்டத்தட்ட கால் பங்கு உப்பு. பனி விழ முதலே வீதியோடு ஒட்டட்டும் என்று தெளித்து வைக்கிறார்கள். வீதிக்கு ஒட்டுவது வண்டிக்கும் ஒட்டும். கல் உப்பு தெறித்து விழுந்துவிடும். இந்தத் தண்ணீர் இரண்டு தகடு சேரும் இடுக்குக்குள் ஏறி நின்றுவிடும்.

சாதாரண உப்பு பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பாகைக்கு மேல் குளிர் போனால் அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்து போடுகிறார்கள். இவை காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். வீதி காய்ந்தது போலத் தெரிகிற நாளிலும் உங்கள் வண்டியின் அடியில் அந்தப் பூச்சு ஈரமாகவே இருக்கும்.

இரும்பு கறள் பிடிக்கத் தண்ணீரும் ஒட்சிசனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கறள் வேகமெடுக்கும். இன்னொன்று: காற்று நன்றாகப் படும் இடத்தை விட, காற்றுக் குறைவாகப் புகும் இடுக்குக்குள்தான் இரும்பு கரையும். கதவின் அடி மடிப்பு, சில்லுக்கு மேலுள்ள வளைவின் உள் விளிம்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரொக்கர் பனல், இவை முதலில் போவது அதனால்தான். வெளியே பெயின்ற் ஒரு பருப் போல ஊதும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். வண்டி எங்கள் லிஃப்டில் நிற்கும்போது உங்களையும் கூப்பிட்டு, ரொக்கர் பனலை ஸ்குறூ ட்றைவரின் பிடியால் தட்டிக் காட்டுவோம். நல்ல தகடு "டங்" என்று சொல்லும். போன தகடு மண்சட்டி மாதிரி அடைத்த சத்தம் போடும், உள்ளே செதில்கள் சரசரவென்று விழுவது கேட்கும். ஒருமுறை கேட்டால் பிறகு நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அப்புறம், பலரும் நம்பாத ஒரு விஷயம். கடும் குளிர் வண்டிக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. வெளியே மைனஸ் பதினைந்தில் உறைந்து நிற்கும் வண்டியில் கறள் மிக மெதுவாகத்தான் நடக்கும். வேலை முடிந்து உப்புச் சேறோடு வந்து, கொண்டோ அடுக்குமாடியின் சூடான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விடுகிறோமே, அங்கேதான் ஆபத்து. சேறு உருகி, இரவு முழுக்க வெதுவெதுப்பில் ஈரமாக நிற்கும். "நான் வண்டியை வெளியில் விடுவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் வண்டியில் நாங்கள் கூடுதலாகக் கறள் கண்டிருக்கிறோம். சந்தேகம் இருந்தால் உங்கள் தரிப்பிடத்தின் பழைய தூண்களைப் பாருங்கள். அடியில் கொங்கிறீற் வெடித்து உள்ளிருக்கும் கம்பி செம்பழுப்பாகத் தெரியக்கூடும். 2012 ஜூனில் எலியட் லேக் நகரில் அல்கோ சென்ரர் மோல் என்ற கடைத்தொகுதியின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கூரைதான் வாகனத் தரிப்பிடம். பல வருடமாகக் கசிந்த தண்ணீரும் வாகனங்கள் கொண்டுவந்த உப்பும் உருக்கு இணைப்பைத் தின்றுவிட்டிருந்தன. கட்டடம் தாங்கும் உருக்குக்கே அந்த நிலை என்றால், பென்சில் தடிப்புக்கூட இல்லாத பிறேக் குழாய் எம்மாத்திரம்!

எங்கள் வேலை முறை இனி இப்படித்தான் இருக்கும். வண்டி வந்ததும் தூக்கி, அடிப்பாகத்தை வெந்நீரால் அழுத்தமாகக் கழுவுவோம். சில்லு வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கவசங்களைக் கழற்றுவோம். அதற்குள் எவ்வளவு இருக்கும் என்று கண்டால்தான் நம்புவீர்கள்: மேப்பிள் இலை, மணல், சில வேளை அணில் சேர்த்து வைத்த கொட்டைகள். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் சிறு துவாரங்கள் இருக்கின்றன. அவை அடைத்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டியால் குத்தித் திறப்போம். பிறகு கராஜுக்குள்ளேயே விசிறி போட்டு இரவு முழுக்கக் காய விடுவோம். காலையில் ஒருவர் விளக்குப் பிடித்துக் குழாய்கள், எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிறேம் சட்டம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள் எல்லாம் பார்ப்பார். பிழை இருந்தால் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவோம். உங்கள் பதில் வந்த பிறகுதான் ஒயில்.

ஒயில் அடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. பிறேக் டிஸ்க், பிறேக் பாட், சூடாகும் எக்ஸோஸ்ற் குழாய், எஞ்சின் பெல்ற், இவற்றில் ஒரு துளிகூடப் படக் கூடாது, மூடி வைப்போம். சில இறப்பர் வகைகள் பெற்றோலிய ஒயில் பட்டால் ஊதிவிடும். அந்த இடங்களுக்கு செம்மறி ஆட்டு உரோமத்தில் இருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பை வைத்திருக்கிறோம். மின்சார வண்டி, ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும் கிட்ட நாங்கள் போவதில்லை.

தார் மாதிரிக் கறுப்பாகப் பூசித் தரும்படி கேட்பவர்களுக்கு: தொழிற்சாலையில் இருந்து வந்த புத்தம்புது வண்டிக்கு அது ஓரளவு சரி. இரண்டு பனிக்காலம் கண்ட வண்டிக்குப் பூசினால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துத் தைத்தது போலாகிவிடும். வெளியே அழகாகக் கறுத்திருக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும். எங்களிடம் எத்தனை பேர் கேட்டாலும் அதைச் செய்வதில்லை. பற்றரியில் மாட்டும் கறள் தடுப்புக் கருவிகளையும் நாங்கள் விற்பதில்லை. மின்சாரத்தால் இரும்பைக் காக்கும் முறை கப்பலுக்கும் மண்ணுக்குள் போகும் குழாய்க்கும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவற்றைச் சுற்றி எப்போதும் தண்ணீரோ ஈர மண்ணோ இருக்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்த மின்சுற்று முழுமையாவதில்லை.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பனிக்காலத்தில் பூச்சியத்துக்கு மேலே வெப்பம் ஏறும் நாளில், அடிப்பாகமும் கழுவும் கார் வோஷுக்குப் போங்கள். கழுவியதும் கதவு விளிம்புகளைத் துடையுங்கள், இல்லாவிட்டால் இரவு கதவு உறைந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஏப்ரலில் ஒரு கழுவல். வெயில் வந்ததும் எல்லாரும் வண்டியின் மேலே மெழுகு போடுவார்கள், கீழே உப்பு அப்படியே இருக்கும். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிறிங்ளரை ட்றைவ்வேயில் வைத்து, அதன்மேல் வண்டியை நிறுத்தி அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். காசு செலவில்லை, பிள்ளைகளுக்கும் விளையாட்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும் பிறேக் குழாய்க் கறள் பற்றிய பெரிய விசாரணை ஒன்றை 2015 இல் முடித்தபோது, அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைப் பரிசோதியுங்கள் என்றுதான் சாரதிகளுக்குச் சொன்னது.

ஒன்ராறியோவில் சொந்தக் காருக்கு வருடாவருடம் கட்டாயப் பரிசோதனை கிடையாது. சேஃப்ரி என்று நாம் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் பெரும்பாலும் வண்டி கைமாறும்போதுதான் தேவைப்படும். ஆகவே, யாராவது உயர்த்திப் பார்த்தால் ஒழிய, உங்கள் வண்டியின் அடிப்பாகம் பத்து வருடம் ஒருவர் கண்ணிலும் படாமல் போகலாம். இந்த வருடம் ஒயில் வேண்டாம் என்றாலும் சரி, விண்டர் ரயர் மாற்ற வரும்போது "கீழே ஒருக்கால் பாருங்கோ" என்று சொல்லுங்கள். அதற்கு நாங்கள் காசு எடுப்பதில்லை. வண்டியைக் குத்தகைக்கு எடுத்து மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு வருடாவருடம் ஒயில் அவசியம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், கழுவலே போதும். வண்டியைத் தாங்கும் ஃபிறேமில் ஓட்டை விழுந்துவிட்ட வண்டிக்கும் அடித்துக் காசு வாங்க மனமில்லை. அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு வைத்திருங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம், கோபிக்க வேண்டாம்.

ஒக்டோபர் தொடக்கத்தில் வருவது நல்லது. ஒயில் வெப்பமான நாளில் இளகி இடுக்குகளுக்குள் தானாக ஊர்ந்து போகும், குளிரில் தடித்து நின்றுவிடும். இரவு வண்டியை வைத்துக்கொள்வதால் ஒரு நாளைக்கு நான்கு வண்டிக்கு மேல் எடுக்க முடியாது. தீபாவளிக்கு முன்னர் முடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள். விலை போன வருட விலைதான். இரவு வண்டியில்லாமல் கஷ்டப்படுகிறவர்களை, ஸ்காபரோவுக்குள் என்றால், நாங்களே வீட்டில் கொண்டுபோய் விடுவோம்.

ஒயில் அடித்த பிறகு இரண்டு நாளைக்குக் கீழே சொட்டும். ட்றைவ்வேயில் கறை படாமல் இருக்கப் பழைய காட்போட் மட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். வண்டி எடுக்க வரும்போது மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து உங்கள் கராஜ்காரர்