ஸ்லாட் கார் மன்றம்: பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். விரல் நுனியில் பசையும் சட்டைப்பையில் சிறு திருகுகளுமாகப் பிள்ளைகள் வீடு திரும்புவதைச் சில வாரங்களாகப் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் தொடங்கியிருக்கும் ஸ்லாட் கார் மன்றம்தான் காரணம். அது என்ன என்று உங்களில் பலர் கேட்டீர்கள். பலகையில் வெட்டிய பள்ளத்தின் வழியே ஓடும் சிறு மின்சாரக் கார்தான் ஸ்லாட் கார்; பிள்ளைகள் அதைச் செய்து பந்தயம் ஓட்டுகிறார்கள். எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்று உண்டு: தயவுசெய்து அந்தக் காரை நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

பலகையில் நீளமாக வெட்டிய பள்ளத்தைத் தச்சர்கள் காடி என்பார்கள். நம் பந்தயப் பாதையில் அப்படி நான்கு காடிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். காடியின் இருபுறமும் ஒட்டிய உலோகப் பட்டைகளில் 12 வோல்ட் மின்சாரம் வருகிறது. காரின் முன்பக்க அடியில் இருக்கும் நாக்கு காடிக்குள் இறங்கி வழிகாட்டும். அதன் பக்கங்களில் உள்ள செப்புப் பின்னல்கள் பட்டையை உரசி மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கும். கார்கள் அசலில் 32இல் ஒரு பங்கு. 4.8 மீட்டர் நீளக் கார் இங்கே 15 சென்டிமீட்டர். 1957இல் இங்கிலாந்தில் ஃபிரெட் பிரான்சிஸ், தாம் தயாரித்துவந்த சுருள்வில்லால் ஓடும் கார்களுக்கு மின்மோட்டார் பொருத்தி 'ஸ்காலெக்ஸ்ட்ரிக்' என்று அறிமுகப்படுத்தினார். இந்தப் பொழுதுபோக்கு வீடுகளுக்குள் பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

ஓட்டுபவர் கையில் ஒரே ஒரு விசை. எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது என்பதுதான் முழு வித்தை. வளைவுக்குள் நுழைந்த பிறகு விட்டால் கார் காடியிலிருந்து எகிறி வெளியே விழும். வளைவுக்கு முன்னரே விட்டு, பாதி வளைவில் மெல்ல அழுத்தத் தெரிந்தவர் முந்துவார். விசையை முழுவதும் விட்டதும் இரண்டு பட்டைகளும் ஒன்றோடொன்று இணைகின்றன. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் மின்னாக்கியாக மாறித் தன்னைத் தானே இழுத்து நிறுத்துகிறது. கரும்பலகையில் நான் பல ஆண்டுகள் வரைந்து காட்டிய பாடம் இது. விரலில் உணர்ந்த பிள்ளைகளுக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடையில் கிடைக்கும் பல கார்களின் அடியில், காரைப் பாதையோடு பிடித்துவைக்க ஒரு காந்தம் இருக்கும். நம் மன்றத்தில் அதைக் கழற்றிவிடுகிறோம். காந்தம் இருந்தால் கார் வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதைப் பிள்ளை பார்க்கவே முடியாது. பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும்போது கார் பாதைக்கு வெளியே கிடக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கார் நேர்ப்பாதையிலேயே தத்தித் தத்தி ஓடியது. மோட்டார் கெட்டுவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். ஆசிரியர் பதில் சொல்லாமல் அச்சைக் கையால் சுழற்றிக் காட்டினார். டயர் வட்டமாக இல்லை. அடுத்த இரண்டு மாலைகள், டயரைச் சக்கரத்தோடு ஒட்டி உலரவைத்து, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கார் சத்தமில்லாமல் ஓடியது. அந்தச் சத்தமின்மையைக் கேட்க அவள் தோழிகளையெல்லாம் அழைத்துவந்தாள். அதே வாரம் இன்னொரு மாணவனுக்கு வீட்டில் அன்போடு வலுவான மோட்டார் ஒன்றைப் பொருத்தித் தந்திருந்தார்கள். கார் முதல் வளைவிலேயே பறந்தது, ஒவ்வொரு சுற்றிலும். ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை, அதைப் பொருத்தியது அவன் இல்லையே. பழைய மோட்டாரையே மீண்டும் போட்டுத் தரும்படி கேட்டான்.

வீட்டில் உதவ விரும்பினால் கேள்வி கேளுங்கள். மோட்டாரின் பற்சக்கரத்தில் 9 பல், அச்சில் 27 பல் என்றால் சக்கரம் ஒரு முறை சுற்ற மோட்டார் எத்தனை முறை சுற்றும்? 30 பல்லாக மாற்றினால் எது கூடும், எது குறையும்? தாளில் கணக்குப் போட்டு, பிறகு பாதையில் ஓட்டிப் பார்க்கட்டும்.

பாதுகாப்பு பற்றிக் கவலை வேண்டாம். கம்பிகளைச் சாலிடர் செய்வது ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டுமே, ஈயம் கலக்காத சாலிடர் கம்பியைக் கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சன்னல் திறந்த அறையில். வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

முதல் பந்தயம் வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.15 மணிக்கு. உள்காடியில் தூரம் குறைவு, வளைவு கடுமை. அதனால் ஒவ்வொருவரும் நான்கு காடிகளிலும் ஓட்டியாக வேண்டும். ஓட்டாத நேரத்தில் வளைவருகே நின்று, விழுந்த கார்களை எடுத்துக் காடியில் வைக்க வேண்டும், யாருடைய கார் என்று பார்க்காமல். வளைவுகளில் நிற்கப் பெரியவர்கள் ஆறு பேர் தேவை. வர இயன்றவர்கள் வியாழக்கிழமைக்குள் பிள்ளைகளின் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்