கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம கிராமிய நிறுவனம் போன்ற இடங்கள் உள்ளாட்சிப் பயிற்சியில் ஈடுபடுவது நல்ல விஷயம். ஆனால் மாணவர்கள் கிராம சபைக் கூட்டத்தன்று மட்டும் போய்ப் படம் எடுத்துத் திரும்பினால், அதற்குப் பெயர் சுற்றுலா.

முக்கிய வேலை முந்தைய வாரத்தில்தான். கூட்டத்தில் பேசவிருக்கும் பொருள்களின் பட்டியலை வாங்கி, தெருவாரியாகப் படித்துக் காட்டலாம். குடிநீர், தெருவிளக்கு என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தெரு, எத்தனை வீடு, எவ்வளவு நாளாக என்று மனு எழுதப் பழக்கலாம். மொட்டையாக எழுதிய கோரிக்கை தீர்மானத்திலும் மொட்டையாகவே போய்ச் சேரும். பிறகு யாரையும் கேள்வி கேட்க முடியாது.

கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பையும் சொல்லித்தர வேண்டும். ஊராட்சியின் மக்கள் தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கையை நிரப்ப நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்து, கையெழுத்தானதும் அனுப்பிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்குவது அதைவிட மோசம். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, உரக்கப் படித்த பின்பே கையெழுத்திட வேண்டும். நகல் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கும் அதே மாணவர்களே வரட்டும். பழைய தீர்மானம் என்னவாயிற்று என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

வாசகர்கள்,
சின்னாளபட்டி, திண்டுக்கல் மாவட்டம்