வாசற்படியில் நிற்கும் மனைவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சினிமா பக்கத்தில், இசைக் கலைஞர்களின் வாழ்க்கையைப் படமாக எடுப்பது பெருகிவிட்டது என்று ஒரு கட்டுரை வந்தது. இளையராஜாவின் கதையில் தனுஷ் நடிக்கப்போவதாக 2024இல் அறிவித்ததையும் அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் தேவலை.

என் வீட்டுக்காரர் பகலில் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. சனி ஞாயிறு இரவுகளில் அக்கார்டியன் வாசிப்பவர். எழுபது, எண்பதுகளில் இங்கே மலேசியாவில் பினாங்கு, கெடா பக்கம் கல்யாணம், தோட்டத்துத் திருவிழா என்று போனவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். பெயர் தெரிந்திருக்காது. அக்கார்டியன்காரர் என்றால் தெரியும். அவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது.

பேத்தி விடுமுறைக்கு வரும்போதெல்லாம், தாத்தா நினைவாக, இந்த மாதிரிப் படங்களாகப் போட்டுக் காட்டுவாள். மூன்றாவது படத்திலேயே எங்கள் இருவருக்கும் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. "பாட்டி, இப்போ பாருங்க, பொண்டாட்டி கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு கதவுகிட்ட வருவாங்க" என்பாள். வருவாள். "நீங்க வீட்டுலயே தங்கறதில்ல" என்று அழுவாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவான். அப்புறம் ஊர் ஊராகச் சுவரொட்டி, குடி, இன்னொரு பாடகி. கடைசியில் ஒரு பெரிய மேடை, எல்லாம் சரியாகிவிடும்.

2004இல் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸைப் பற்றி ஒரு படம், அடுத்த வருடமே அந்த நாட்டுப் பாடகர் ஜானி கேஷைப் பற்றி ஒன்று. இரண்டிலும் சின்ன வயதில் கூடப் பிறந்தவன் சாகிறான். பிற்பாடு வரும் பாட்டுக்கும் போதைக்கும் அந்தத் துக்கம்தான் காரணம் என்கிற மாதிரி கதை போகும். நடந்தது பொய்யில்லை. ரேயின் தம்பி துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கித்தான் இறந்தான். கேஷின் அண்ணன் 1944இல் மரம் அறுக்கும் ரம்பத்தில் சிக்கித்தான் இறந்தான். கரும்புச்சாறு என்னவோ அசல்தான், ஆனால் ஒரே அச்சில் ஊற்றினால் எல்லா வெல்லமும் ஒரே வடிவமாகத்தானே வரும்? 2007இல் ஹாலிவுட்காரர்களே இந்த அச்சைக் கேலி செய்து ஒரு படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் யாரும் அச்சை மாற்றியதாகத் தெரியவில்லை.

அண்ணன் தம்பி கதையை விடுங்கள், என் கவலை அந்தக் கதவோரத்துப் பெண்ணைப் பற்றி. கேஷின் முதல் மனைவி விவியன், படத்தில் எப்போது பார்த்தாலும் சிடுசிடுப்புத்தான். நிஜத்தில், கேஷ் ஜெர்மனியில் விமானப்படையில் இருந்த காலத்தில் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதியது அவருக்குத்தான். நான்கு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். 2005 மே மாதம் இறந்துபோனார், படம் நவம்பரில் வந்தது. அந்தக் கடிதங்களை வைத்து அவர் எழுதிய புத்தகம் 2007இல்தான் வெளியானது. படத்தைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவராவது அதைப் புரட்டியிருப்பாரா?

மொஸார்ட் கதையும் அப்படித்தான். 1984இல் வந்து எட்டு ஆஸ்கார் வாங்கிய படம். நல்ல படம், இரண்டு தடவை பார்த்தேன். அதில் அவர் மனைவி கான்ஸ்டான்ஸே சிரிப்பார், அழுவார், புருஷனுக்காக அரண்மனை இசையமைப்பாளர் சாலியேரியிடம் கெஞ்சப் போவார். மொஸார்ட்டைக் குழியில் இறக்கியதும் மொஸார்ட் கதை முடிந்துவிடுகிறது. கான்ஸ்டான்ஸேயின் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. 1791இல் 35 வயதில் மொஸார்ட் போனபோது வீட்டில் கடனும் இரண்டு ஆண் பிள்ளைகளும்தான் மிச்சம். பாதியில் நின்ற இரங்கல் இசையைச் சீடரை வைத்து முடிக்கவைத்தார், புருஷன் பெயரில் கச்சேரிகள் நடத்தினார், 1799இல் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பாளருக்கு விற்றார். இரண்டாவது கணவர் எழுதத் தொடங்கிய மொஸார்ட் வரலாற்றை, அவரும் இறந்த பிறகு, 1828இல் அச்சில் கொண்டுவந்தார். இன்னொன்று, படத்தில் வில்லனாக வரும் அதே சாலியேரியிடம்தான் இவருடைய சின்ன மகன் பிற்பாடு பாடம் கேட்டான்.

நம் பக்கமும் சளைத்ததில்லை. 1985இல் 'சிந்து பைரவி' வந்தது. பெண்டாட்டிக்குச் சங்கீதம் தெரியாதே என்பதுதான் அந்தப் பாகவதரின் குறை. நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு மோகனமும் தெரியாது, கல்யாணியும் தெரியாது. சீட்டில் நெளிந்துகொண்டிருந்தேன். இடைவேளையில் ஒரு பொட்டலம் கச்சான் வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு, "உனக்கு ராகம் தெரியாட்டி என்ன, கேசட் தெரியுமே" என்றார்.

அது உண்மை. புதுப் படக் கேசட் வியாழக்கிழமை கடையிலிருந்து வரும். சனிக்கிழமை கல்யாணத்தில் அந்தப் பாட்டைக் கேட்பார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நான் ரேடியோப் பெட்டி முன்னால் உட்காருவேன், அவர் எதிரில். ஓட்டு, நிறுத்து, பின்னால் இழு, மறுபடி ஓட்டு. பாட்டு வரிகளை நான் நோட்டில் எழுதுவேன், அவர் மேலே சிவப்பு மையில் ஸ்வரம் போடுவார். ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையில் வயலின்கள் கூட்டமாக வரும் ஓர் இடம், பன்னிரண்டு வினாடி இருக்கும், அதை அக்கார்டியனில் இறக்க மூன்று இரவு ஆனது. எந்த இடத்தில் கையை எடுத்தால் சரியாக அந்த வயலின் தொடங்கும் என்று என் கட்டைவிரலுக்குத் தெரியும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவதும் நான்தான். படங்களில் ஜன்னலோரம் வெயில் விழும், கதாநாயகன் கண்ணை மூடுவான், பாட்டு வந்துவிடும். எங்கள் வீட்டில் கொசுவத்தி எரிந்துகொண்டிருக்கும், பாட்டு துண்டு துண்டாகத்தான் வந்தது.

அக்கார்டியனுக்குள்ளே சின்னச் சின்ன எஃகு நாக்குகள் இருக்கும், மெழுகு வைத்து ஒட்டியிருப்பார்கள். நம்ம ஊர் ஈரத்தில் நாக்கு துருப்பிடிக்கும். சூடு ஏறினால் மெழுகு இளகும். அதனால் அலமாரிக்குள் 15 வாட் பல்பு ஒன்று, அதற்கு மேல் கூடாது, மழை மாதங்களில் இராப்பகலாக எரியும். அதைப் போட்டு அணைப்பது என் பொறுப்பு. ஒரு தடவை தங்கை வந்து, சாமிக்கா லைட் போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

நானும் வாசலில் நின்றிருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரை அக்கரையில் வாசித்துவிட்டுப் படகுக்குக் காத்திருந்து அவர் வீடு சேர விடியற்காலை நாலு ஆகும். பெட்டி பத்துக் கிலோவுக்கு மேல், அதை வாங்கி உள்ளே வைக்கத்தான் நிற்பேன். பெரியவனுக்குக் காய்ச்சல் கொதித்த இரவு மட்டும் வாங்கவில்லை. சத்தம் போட்டேன். படமாக இருந்தால் அந்த இரவோடு நான் கதையை விட்டுப் போயிருக்க வேண்டும். அவர் ஆறிப்போன ரசம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தார். வியாழக்கிழமை வழக்கம்போலக் கேசட் வந்தது.

குடியும் உண்டு. வயிற்றுப்புண் வந்து டாக்டர் சொன்னதும் ஒரு நாள் குடிக்கவில்லை, மறுநாளும் குடிக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டது. இதை எந்த டைரக்டர் எடுப்பார்?

மலாய் நடிகர், இயக்குநர் பி. ராம்லி 1962இல் எடுத்த 'இபு மெர்துவாக்கு'வில், சாக்ஸபோன்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்பார். என் அம்மாவும் நின்றார். கிராணி வேலையைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம். (ராம்லி நம்ம பினாங்குப் பிள்ளை. 1950இல் அவரை முதன்முதலில் கதாநாயகன் ஆக்கி 'பக்தி' படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.)

கடைசிப் பெரிய மேடை விஷயம். குவீன் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவைப் பற்றிய படத்தில், பிரிந்தவர்கள் 1985 ஜூலையில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி மேடைக்காகவே ஒன்று சேர்கிற மாதிரி வரும். உண்மையில் அந்த மே மாதம் வரை அவர்கள் ஜப்பானில் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பாடகரின் நோய் அந்த மேடைக்கு முன்பே தெரிந்ததாகப் படம் காட்டும், நிஜத்தில் அது தெரிந்ததும் அதற்குப் பிறகுதான். என் வீட்டுக்காரரின் கடைசி மேடை ஓர் அறுபதாம் கல்யாணம். சரணத்தில் பாதி போகும்போது பிரியாணி வந்துவிட்டது, அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் வாத்தியத்தைத் துடைத்து மூடிவிட்டு, "எனக்கும் பசிதான்" என்றார்.

எங்களிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. 1974 முதல் 1996 வரை என் கையெழுத்து. எந்த ஊர், யார் தபேலா, எத்தனை வெள்ளி, வாடகைக் காருக்கு எவ்வளவு, எல்லாம் இருக்கும். 1983இல் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு கல்யாணம், 85 வெள்ளி, "அடுத்த வாரம்" என்று பெண் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எழுதிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். வட்டம் இன்னும் அடிபடவில்லை. நம் ஊர் வாத்தியக்காரர்களைப் பற்றி யாராவது படம் எடுப்பதானால் புத்தகத்தைப் பார்க்கக் கொடுக்கத் தயார், உங்கள் அலுவலகம் மூலம் சொல்லி அனுப்பினால் போதும். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், கோயிலுக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு