தழையில் உள்ள பூச்சிமருந்துக்கு டாக்சின் பைண்டர் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயம்பேட்டில் கழித்துப் போடும் காலிபிளவர், முட்டைகோஸ் தழையை மாட்டுக்குப் போடுபவர்களில் சிலர், பூச்சிமருந்துக்குப் பயந்து தீவனத்தில் டாக்சின் பைண்டர் (நச்சைப் பிடித்துவைக்கும்) தூளைக் கலக்கிறார்கள். பல பைண்டர்களில் முக்கியச் சரக்கு பென்டோனைட் களிமண்தான். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சுக்கு அது நன்றாக வேலை செய்யும். நச்சு களிமண் அடுக்குகளின் இடுக்கில் சிக்கிச் சாணத்தோடு வெளியேறும், பாலில் கலப்பதும் குறையும். ஆனால் குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் மின்னேற்றம் இல்லாதவை, கொழுப்பில் கரைபவை. ஈரத்தில் ஊறிய களிமண்ணுக்கு அவற்றின் மீது பிடிப்பு குறைவு. களிமண் கெட்டியாகப் பிடிக்கும் பாராகுவாட், மின்னேற்றம் உள்ள ஒரு களைக்கொல்லி. அதை வைத்து எல்லா மருந்தையும் எடைபோட முடியாது.

அளவு தாண்டினால் கெடுதல். பொதுவாக டன் தீவனத்துக்கு 1 முதல் 2 கிலோ என்றுதான் பைண்டர் பையில் போட்டிருப்பார்கள். 6 கிலோ அடர்தீவனம் தின்னும் பசுவுக்கு அது 6 முதல் 12 கிராம். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப்போட்டால் எங்கேயோ போய்விடும். மாட்டின் அசையூண் வயிற்றில் (முதல் வயிற்றில்) களிமண் அம்மோனியாவைக் கொஞ்சம் பிடித்துவைத்து மெதுவாக விடும், அது நல்லதே. ஆனால் அளவு கூடினால் தாது உப்புகளையும் பிடித்துக்கொள்ளும், டைலோசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளின் வேலையையும் குறைக்கும். களிமண்ணில் சத்து எதுவும் இல்லை என்பதால், அது கூடக் கூடத் தீவனத்தின் சத்தும் நீர்த்துப்போகும்.

அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில பூச்சிமருந்துகளைத் தாமே சிதைக்கும். பாரத்தியானின் வீரியம் அங்கேயே பெருமளவு குறைகிறது. அதை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மருந்து அதிகம் தெளித்த தழை ஒரே வேளையில் நிறைய உள்ளே போனால், நுண்ணுயிர்கள் சிதைக்கும் முன்பே நரம்பு பாதிக்கும். வாயில் எச்சில் ஒழுகுவது, கண்ணில் நீர், கழிச்சல், மூச்சுத் திணறல் இவையெல்லாம் ஆர்கனோபாஸ்பேட் (குளோர்பைரிபாஸ், பாரத்தியான் வகை) விஷத்தின் அடையாளம். அப்போது பைண்டர் கரைத்து ஊற்றினால் புரையேறும். மருத்துவரை அழைத்து அட்ரோபின் என்ற முறிவு மருந்தை ஊசியாகப் போடவேண்டும். மிச்சத் தழையை ஒரு பையில் கட்டிவைத்தால் பரிசோதனைக்கு உதவும்.

தழை போடுவதென்றால், வெளிமடலைக் கழித்து, ஓடும் நீரில் அலசி, வைக்கோலோடு கலந்து போடுங்கள். அலசினால் மேலே படிந்தது மட்டும் போகும். இமிடாகுளோப்ரிட் போலச் செடிக்குள் ஏறிய மருந்து போகாது. தழையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 10 கிலோ போட்டாலும் உலர்பொருள் 1 கிலோ அளவுதான் கிடைக்கும். அதற்காக வைக்கோலைக் குறைக்காதீர்கள்.

பைண்டர் எந்த நச்சைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதைத் தயாரிப்பாளர்கள் பையிலேயே தமிழில் அச்சிட வேண்டும்.

– கால்நடை மருத்துவர், மாதவரம், சென்னை