தூள் இடிக்கக் கொடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடுகளில் கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மிளகாய்த்தூளோடும் அரிசிமாவோடும் கழிகிறது. இவற்றைக் கூலிக்குச் செய்து தருவோர் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் விபரமாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

செத்தல் மிளகாய் 1 கிலோவுக்கு மல்லி 1 கிலோ, மிளகும் பெருஞ்சீரகமும் 100 கிராம் வீதம், சின்னச்சீரகம், வெந்தயம், மஞ்சள் 50 கிராம் வீதம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி என்று துண்டில் எழுதிக் கொடுங்கள். தனித்தனியாக வறுக்கச் சொல்லுங்கள். ஒரே தாச்சியில் கொட்டினால் மல்லி வறுபட முன்னமே வெந்தயம் கருகி, கறியெல்லாம் கைக்கும்.

மில்லில் இருந்து வரும் தூள் சுடச்சுட இருக்கும். அப்படியே போத்தலில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பழி இடித்துக் கொடுத்தவர் மேல் விழுகிறது, இது நியாயமில்லை. கடதாசியில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலில் போடுங்கள்.

இடியப்ப மாவை வாங்கும்போது ஒரு பிடி எடுத்துக் கோலம் போட்டுப் பாருங்கள். கோடு அறாமல் விழுந்தால் வறுவல் சரி. விட்டுவிட்டு விழுந்தால் இன்னும் வறுக்கவேண்டும்.

கூலியை முதலே பேசி, பொருளை எடுக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அதை நம்பி அடுப்பு மூட்டும் பெண்களிடம் கடன் சொல்லக்கூடாது. கொண்டுபோய்க் கொடுப்பதையும் எடுத்து வருவதையும் வீட்டு ஆண்கள் பொறுப்பேற்கட்டும். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் மில்லில் நெரிசல். இரண்டு கிழமை முந்திக் கொடுப்பது நல்லது.

வாசகி,
கொக்குவில்.