அந்தக் கிழட்டு மரம்

அன்புள்ள கயலுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குளிருக்குக் கூடியிருக்கிறது.

உன் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் கிழட்டு ஆப்பிள் மரத்தை வெட்டிவிடலாமா என்று போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். சொல்ல வந்தது புழுவைப் பற்றி. போனில் சொன்னால் சிரிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் நான் ஒரு பழத்தோட்டத்துக்குப் போவது உனக்குத் தெரியும். தோட்டம் என்றால் பொள்ளாச்சித் தோப்பை நினைத்துக்கொள்ளாதே. லண்டனின் டூட்டிங் பகுதியில் வீட்டு வரிசைக்குப் பின்னால், முட்புதரும் ஐவிக் கொடியும் மூடிக் கிடந்த பதினொரு மரம், அவ்வளவுதான். ஐந்து மரம் நெருங்கி நின்றாலே இந்த ஊரில் அது பழத்தோட்டக் கணக்கில் வந்துவிடும்.

அங்கே போக ஆரம்பித்த முதல் மாதம், பட்டுப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டினேன். இந்த ஊர் மம்பட்டியைக் காலால் மிதித்துத்தான் இறக்க வேண்டும், அதுவே எனக்குப் பிடிபட நாளாயிற்று. மக்கின கட்டை புட்டுப் போல உதிர்ந்தது. உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு புழு. பால் வெள்ளை உடம்பு, ஆரஞ்சு நிறத் தலை, பிறை மாதிரி சுருண்டு கிடந்தது. பார்த்ததும் எனக்கு நம் எருக்குழிதான் ஞாபகம் வந்தது. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். பத்துப் புழு பொறுக்கினால் அப்பாரு ஐந்து பைசா கொடுப்பார். பழைய கை, தானாகவே மம்பட்டியை ஓங்கிவிட்டது. தோட்டத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி போட்ட சத்தத்தில் கீழே போட்டுவிட்டேன்.

அது கொம்பு வண்டின் புழுவாம். ஆண் வண்டுக்கு மான்கொம்பு போலத் தாடை. கொம்போடு சேர்த்தால் ஏழு சென்டிமீட்டர் வரை வளரும். உயிருள்ள வேரைத் தொடாது, செத்த மரம்தான் அதற்குச் சோறு. மண்ணுக்குள் மூன்று முதல் ஏழு வருஷம் தின்றுகொண்டே கிடக்கும். வண்டாகி வெளியே வந்த பிறகு ஒரே ஒரு கோடை, அதோடு சரி. நான் வெட்டப் பார்த்த புழு, நீ காலேஜில் சேர்ந்த வருஷம் முட்டையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். கட்டையை மண் போட்டு மூடினோம். தோப்பைத் துடைத்துவைத்த மாதிரி வைத்திருப்பதுதான் விவசாயம் என்று வளர்ந்தவன் நான். பட்ட மரத்தை அப்படியே விடுவதற்கு மனசு லேசில் ஒப்பவில்லை.

ஓக் மரம் உள்ளே பொந்து விழ நூறு நூறு வருஷம் எடுக்கும். ஆப்பிள் அறுபது வயதிலேயே கிழமாகிப் பொந்து விட்டுவிடும். மரங்கொத்தி, வௌவால், சிட்டு எல்லாம் அங்கேதான் குடியேறுகின்றன. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900-இல் இருந்த பழைய பழத்தோட்டங்களில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டதாக நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 2022-இல் கணக்குச் சொன்னது. நீ விரும்பித் தின்னும் காக்ஸ் ஆப்பிள் பிறந்த கோல்ன்புரூக், ஹீத்ரோவுக்குப் பக்கத்து ஊர்தான். இப்போது அங்கே தலைக்குமேல் விமானம்.

சரி, உன் மரத்துக்கு வருகிறேன். மான்செஸ்டர் பக்கம் கொம்பு வண்டு கிடையாது. கிடையாவிட்டால் என்ன, பொந்துக்கு ஆள் வரும். விழுந்த பழத்தையெல்லாம் கூட்டி அள்ளாதே. குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் செஞ்சிறகுப் பூங்குருவிகள் அதைக் கொத்தித் தின்னும். பட்ட கிளை நடைபாதைமேல் தொங்கினால் மட்டும் அறுத்து, வேலியோரம் அடுக்கி வை. எரிக்காதே.

கவாத்து இலை உதிர்ந்த பிறகுதான். ஒரே வருஷத்தில் கால்பங்குக்குமேல் கழிக்கக் கூடாது. கழித்தால் குச்சிகுச்சியாய்த் துளிர்த்துத் தொல்லை கொடுக்கும். பக்கத்தில் இருப்பது பிளம் என்றால் குளிரில் தொடவே தொடாதே, வெட்டுக்காயம் வழியாக நோய் ஏறும். அதைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் ரம்பத்தோடு வருகிறேன், கண்ணு. அதுவரை மாப்பிள்ளையை அந்த மரத்தில் கைவைக்க விடாதே. பழம் புளிப்பென்றால் வீசாமல் எடுத்து வை. பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிளில் அம்மா போட்ட ஊறுகாய் மாங்காயையே தோற்கடித்துவிட்டது. ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா