எங்கள் ஏரிகளை வரைபடத்தில் ஏற்றியவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெரிய ஏரி, சித்தேரி, வரத்துக் கால்வாய்கள், மதகுகள், ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் எல்லாம் இப்போது, யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயரோடு இருக்கின்றன. இதற்காக வெயிலில் அலைந்தவர்கள் யாரும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நன்றியையாவது ஊரறியச் சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் எங்கள் நீர்க்கட்டி தாத்தாவுக்கு. செயற்கைக்கோள் படத்தில் ஏரி பளிச்சென்று தெரியும். சீமைக்கருவேலம் மூடிய கால்வாய் தெரியாது. தெரிந்தாலும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலோ, கால்வாய்க் கோட்டைத் தண்ணீர் ஓடும் திசையில்தான் வரைய வேண்டும். எங்கள் பக்கம் தட்டையான நிலம், நின்று பார்த்தால் வாட்டம் பிடிபடாது. தாத்தா முன்னால் நடந்தார். கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியில் ஜி.பி.எஸ். தடத்தைப் பதிந்துகொண்டே பின்னால் போனார்கள். "இது நிரம்பினா கலங்கல் வழியா அடுத்த ஊர் ஏரிக்குப் போவும், அது நிரம்பினா அதுக்கடுத்தது" என்று அவர் சொல்லச் சொல்லத்தான், தனித்தனித் திட்டுகளாகக் கிடந்த ஏரிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளில் பல இப்படிச் சங்கிலியாக அமைந்தவை. நடுவில் ஒரு கால்வாய் அடைபட்டால் மேல் ஊரில் வெள்ளம், கீழ் ஊரில் வறட்சி.

நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்களுக்கும் நன்றி. கரை எங்கே கசிகிறது, எந்த மதகின் பலகை உளுத்திருக்கிறது என்று அவர்கள் காட்டிய இடங்கள் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அப்புறம், நில எல்லைகளை அளந்து காட்டும் அரசின் புல வரைபடத்தைப் படிக்கக் கற்றுத்தந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கும் நன்றி. நாங்கள் வரைந்ததை வைத்து யாருடைய எல்லையையும் முடிவு செய்யக் கூடாது, அதற்குப் புல வரைபடம்தான் ஆதாரம் என்று அவர் முதலிலேயே தெளிவாகச் சொன்னதால் ஊருக்குள் வீண் சண்டை வரவில்லை.

முகம் தெரியாதவர்களும் உண்டு. 2004-இல் தொடங்கிய இந்தத் திறந்த வரைபடத்தில், விட்டுப்போன எங்கள் கோடுகளை எங்கிருந்தோ இணைத்துக் கொடுத்தவர்களுக்கு வணக்கம். 2015 சென்னை வெள்ளத்தின்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர் அருண் கணேஷும் நண்பர்களும் இதே வரைபடத்தின் மேல், தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே குறிக்க வழிசெய்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்தது அதைப் பார்த்துத்தான்.

அக்டோபர் 2 கிராம சபையில் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினோம். வழக்கமாகப் பின்வரிசையில் உட்காரும் பெண்கள் எழுந்து வந்து விரல் வைத்துப் பேசினார்கள். அடைபட்ட கால்வாயைத் தூர்வாரத் தீர்மானம் ஆனது. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, தண்ணீரைப் பற்றியது. நீர் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கைப் பலப்படுத்த வேண்டும் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது. பக்கத்து உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனித்த ஊர்க் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுவதை நினைத்தால், இது எங்கள் மண்ணுக்கு அந்நியமான யோசனையே கிடையாது.

கலங்கலுக்குக் கீழே உள்ள போக்குக் கால்வாய் இன்னும் பாக்கி. வயலில் நெல் நிற்கிறது. அறுவடை முடிந்ததும் சேர்ந்து நடக்கலாம் என்று சொல்லியிருக்கும் கீழ் ஊர்க்காரர்களுக்கு இப்போதே நன்றி.

அன்புடன்,
ஏரி வரைபடக் குழுவின் சார்பில்